உப்பம்மனுக்குப் போன எர்த்து கம்பி

நேத்து சாயங்காலம் தண்டையார்பேட்டைல எங்க ஆபீஸ் பின்னாடி கீற குடோன் சந்துல நா பார்த்தத வேற எவனாச்சும் வந்து சொல்லியிருந்தான்னா, "போ நைனா, போய் காத்து வாங்கு"ன்னு தொரத்தி உட்ருப்பேன். ஆனா என் ரெண்டு கண்ணால பார்த்துட்டேனே! இன்னா பண்றது! அதான் சூடு ஆறுறதுக்குள்ள சங்கமித்ரா அக்காவ பத்தி எழுதிடலாம்னு ஒக்காந்துட்டேன். தப்பு கிப்பு இருந்தா கண்டுக்காதீங்க, வேகமா அடிக்கிறேன்.

மொதல்ல அக்கா யாருன்னு சொல்லிட்றேன். எங்களுது ஒரு கிளியரிங் ஆபீஸ். ஹார்பர்ல வந்து எறங்குற கண்டெய்னருக்குப் பேப்பர் வேலையெல்லாம் முடிச்சி, சரக்க வெளிய எடுத்துக் குடுக்கறது தான் பொழப்பு. ஓனர் டோரதி மேடம், ராயபுரத்துக்காரங்க. என் பேரு சாவியோ, நா டாக்குமெண்ட் அடிக்கிற டேபிள். ஆபீஸ்ல இருக்குற அத்தினி கம்ப்யூட்டரும், அதுக்கு நடுவுல ஓடுற அத்தினி கேபிளும், மாடி ரூம்ல கண்ண சிமிட்டிக்கினு இருக்குற சுவிட்சும் சர்வரும் எல்லாம் சங்கமித்ரா அக்கா கையில. நெட்வொர்க் ஒரு மணி நேரம் படுத்துச்சின்னா போதும், ஹார்பர் கேட்டுல டிரெய்லர் வரிசையா நிக்கும். டிரைவருங்க போன்ல எங்க பரம்பரையவே இஸ்து வெச்சிப் பேசுவாங்க.

அக்கா வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. புத்தர் படம் மாட்டுன வூடு. சாமி ரூம்னு ஒண்ணு அவங்க வூட்ல எப்பவுமே கெடையாது. பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போச்சாம். அந்தக் கதைய அக்கா சொல்லணும், நீங்க கேக்கணும்.

"கஸ்டமரு வருவான் டா. என் மூஞ்சிய பார்ப்பான். அப்பால கடைய சுத்திப் பார்ப்பான். 'ஏம்மா, மெக்கானிக் டீ குடிக்கப் போயிருக்காரா'ம்பான். 'ஆமா சார், அவரு போயிட்டாரு, ஸ்க்ரூ டிரைவர மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு'ன்னு சொல்லிட்டு நா பாட்டுக்குக் கழட்ட ஆரம்பிச்சிடுவேன். முடியிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கினு நிப்பான், மெக்கானிக் வருவான் வருவான்னு!"

எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அக்கா மீன் பேரு வெச்சிருக்கு. மேடமுது வஞ்சிரம். என்னுது நெத்திலி. பில்லிங் பாக்குற ஒவைஸோடது சுறா. சர்வரு திமிங்கிலம். மொதல் நாள் வேலைக்குப் போனப்ப, "திமிங்கிலம் மூச்சு உடல, நெத்திலிய கொஞ்சம் அமுக்கு"ன்னு யாரோ கத்துனத கேட்டு, காசிமேடு மீன் ஏலத்துக்கே வந்துட்டோமோன்னு நெனச்சேன். எங்க ஏரியா காத்துல உப்பு ஜாஸ்தி, கேபிள் முனையெல்லாம் சீக்கிரம் பச்சை பூத்துடும். அதுக்குன்னு அக்கா பேக்குல ஒரு பழைய டூத் பிரஷும் பென்சில் ரப்பரும் எப்பவும் கெடக்கும். மெமரிய கழட்டி ரப்பரால ஒரு தேய், பிரஷால ஒரு தட்டு, செத்த மிஷினு எந்திரிச்சி ஒக்காரும்.

ஒரே ஒரு கொற. அக்கா எதையும் வெளக்கிச் சொல்லாது. "ஏன்க்கா இப்டி ஆச்சி?"ன்னு கேட்டா, "உனக்கு வேலை ஓடணுமா, பாடம் ஓடணுமா? தள்ளு"ன்னுடும். இந்தக் கொறய நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க. எல்லாமே அதுலேர்ந்து தான் வந்துது.

வெள்ளிக்கிழமைல மேடம் சாப்பிட வூட்டுக்குப் போற நேரம், அக்கா ஒரு பக்கெட்டு தண்ணியும் கல்லுப்பு பாக்கெட்டும் எடுத்துக்கினு பின்பக்க சந்துக்குப் போவும். அங்க சேறு. அதனால செருப்ப ஓரமா உட்டுடும். சொவர ஒட்டி தரைலேர்ந்து ஒரு துரு புடிச்ச இரும்பு பைப்பு நீட்டிக்கினு இருக்கும். அது வாயில உப்ப கொட்டி, தண்ணிய மெதுவா, சிந்தாம ஊத்தும். காதுல ப்ளூடூத். தலைய குனிஞ்சிக்கினு வாய்க்குள்ளயே அவங்க அம்மா கிட்ட, "சங்கரா மீனுக்குப் புளி கம்மியா போடு, நா வந்து வறுக்குறேன்"னு பேசிக்கினே ஊத்தும். எலிக்கு தான் எதுவோ ஊத்துதுன்னு நாங்க நெனச்சிக்கினு இருந்தோம். எங்க பேன்ட்ரி ஜன்னலு அந்த சந்தப் பார்த்த மாதிரி கீது. டீ போட்டு, ஆபீஸ பெருக்கித் தொடைக்கிற தாயம்மாக்கா அங்கேர்ந்து வாராவாரம் வேடிக்க பார்க்கும்.

இந்தக் கோடைல மேடம் எண்ணூர்ல ஒரு யார்டு எடுத்தாங்க. அங்க நெட்வொர்க் போட அக்காவ அனுப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி அக்கா தாயம்மாக்கா கிட்ட வந்து, "எக்கா, வெள்ளிக்கெழம தப்பாம அந்தப் பைப்புல உப்பும் தண்ணியும் ஊத்திடு. மறந்துட்ட, ஆபீஸுக்கே கேடு வந்துடும்"னு சொல்லிச்சி. அவ்ளோ தான் சொல்லிச்சி. இன்னாத்துக்குன்னு இவங்களும் கேக்கல, அதுவும் சொல்லல.

அக்கா திரும்பி வந்தப்போ மழக்காலம் ஆரம்பிக்கப் போவுது. "பைப்புக்கு ஊத்துறியா எக்கா?"ன்னு கேட்டுது. "அத நா பார்த்துக்கறேன் பாப்பா, நீ அந்தப் பக்கமே வர வேணாம், ஜோரா கீது"ன்னு தாயம்மாக்கா சொல்லிடுச்சி. அதுக்கப்புறம் அக்காவுக்கும் சந்துப் பக்கம் போறதுக்கு நேரமே இல்ல. ஏன்னா ஆபீஸ்ல பேஜாரு ஆரம்பிச்சிடுச்சி. மழச் சாரல் அடிக்குதுன்னு தாயம்மாக்கா பேன்ட்ரி ஜன்னலையும் மூடியே வெச்சிடுச்சி.

லாரி எட போட்ற கேபின்லேர்ந்து மெயின் ஆபீஸுக்கு ஒரு நீள கேபிள் வருது இல்ல, அது சொருவுற போர்ட்டு எரிஞ்சி போச்சி. மாத்துனாங்க. திரும்ப எரிஞ்சிது. வஞ்சிரம் தானா ஆஃப் ஆயி தானா ஆன் ஆவுது. மவுஸ தொட்டா விரல்ல எறும்பு ஓடுது. அக்கா கேபிளு முனைய வெட்டி புதுசா ஒண்ண அமுக்கி மாட்டிச்சி, சுவிட்ச மாத்திச்சி, யூபிஎஸ்ஸ மாத்திச்சி, வைரஸு கீதான்னு ஒவ்வொரு மீனையும் தனித்தனியா அலசிச்சி. ஒண்ணும் வேலைக்கு ஆவல. டோரதி மேடம் கண்ணாடிய எறக்கி உட்டுக்கினு பாக்க ஆரம்பிச்சாங்க.

"மித்ரா, வெளிய ஒரு கம்பெனி இருக்கு, மெயின்டனன்ஸ் மொத்தமா அவங்களே பாத்துக்கறாங்களாம். சும்மா சொல்றேன்."

சும்மா சொல்றவங்க மூஞ்சி அப்டி இருக்காது.

புதன்கெழம தான் அந்த அநியாயம் நடந்துது. ஒவைஸு பிரிண்டர் கேபிள சொருவறதுக்காக எந்திரிச்சான். ஒரு கை சுறா மேல, பேலன்ஸுக்கு இன்னொரு கை ஜன்னல் கம்பி மேல. "மாமு, இந்த..."ன்னான். அதுக்கு மேல வார்த்த வரல. நாற்காலியோட பின்னாடி பறந்தான்! சும்மா சொல்லல, பறந்தான்! நாங்க மொதல்ல சிரிச்சோம், இவன் எப்பவும் அக்குறும்பு பண்ணுவான்னு. அப்பால பார்த்தா கண்ணு மேல சொருவிக்கினு கீது. தாயம்மாக்கா "எப்பா, எப்பா"ன்னு ஓடியாந்து நெஞ்ச தேய்க்குது. ஆட்டோல தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டரு உயிருக்கு ஆபத்து இல்லன்னு சொன்ன பிற்பாடு தான் எனக்கு மூச்சே வந்துது. ஒவைஸு முழிச்சதும் கேட்ட மொதல் கேள்வி: "மாமு, சுறா கடிச்சிடுச்சா?"

மேடம் அன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க. "ஒரு பையன் செத்திருப்பான், மித்ரா. அவங்க அம்மாக்கு நா இன்னா பதில் சொல்றது? சனிக்கெழம அந்தக் கம்பெனிக்காரங்க வராங்க. அதுக்குள்ள இது எதனாலன்னு நீ எனக்குச் சொல்லு. இல்லன்னா சர்வர் ரூம் சாவிய என் டேபிள் மேல வெச்சிடு."

எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டா குடுக்குற அக்கா அன்னிக்கு சாவிய கைல இறுக்கிப் புடிச்சிக்கினு மாடிக்கு ஏறிப் போயிடுச்சி. எனக்கு அதுல தான் ரொம்ப பயம் ஆயிடுச்சி. இந்த வேலைக்கு வர்றதுக்கு அக்கா எத்தினி கடைல, வாசலையே பார்த்த எத்தினி பேரு முன்னாடி நின்னிருக்கும்! இப்போ "ஆளக் கொல்லப் பார்த்தவ"ன்ற பேரோட வெளிய போனா, எவன் வேல குடுப்பான்?

மறுநாள் அக்கா எல்லா மிஷினையும் நிறுத்திட்டு, கரண்டு கீதான்னு பார்க்குற மீட்டர எடுத்துச்சி. சுறாவோட பாடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவுல வெச்சி பார்த்துச்சி. முள்ளு பாய்ஞ்சிது. நெத்திலில வெச்சி பார்த்துச்சி, அதே. திமிங்கிலத்துல, வஞ்சிரத்துல, எல்லாத்துலயும் அதே! நா தெனம் கைய வெச்சிக்கினு டைப் அடிக்கிற மேஜ மேல அது! ஒவ்வொரு பிளக்கா புடுங்கிக்கினே போச்சி அக்கா. கடைசில பேன்ட்ரில தாயம்மாக்கா வெந்நி போட்ற பாய்லரு பிளக்க புடுங்குனதும் முள்ளு பொத்துன்னு கீழ எறங்கிச்சி. உள்ள காயில் ஓட்ட. அங்கேர்ந்து தான் கரண்டு ஒழுவிக்கினு இருந்திருக்கு.

"பாய்லரு பேன்ட்ரில கீது, ஒவைஸு இங்க கீறான். எப்டிக்கா அவன அடிச்சிது?"ன்னு கேட்டேன். திட்டும்னு நெனச்சேன். திட்டல. கீழ ஒக்காந்துச்சி, வாழ்க்கைல மொத தடவ வெளக்கிச் சொல்லிச்சி.

"பிளக்குல மூணாவதா ஒரு குண்டு கால் கீது பாரு, அது தான் எர்த்து. எல்லா மிஷினோட பாடியும் அந்த ஒரு ஒயர்ல தான் கோத்துகினு கீது. அந்த ஒயரு சந்துல கீற குழிக்குப் போவுது. உள்ள கரியும் உப்பும் போட்டு பொதைச்ச இரும்பு பைப்பு. எங்கியாச்சும் கரண்டு தப்பிச்சி பாடில ஏறுச்சின்னா, ஆளு மேல பாயாம நேரா மண்ணுக்குள்ள எறங்கிடும். மண்ணு ஈரமா இருந்தா தான் எறங்கும், அதுக்கு தான் உப்புத் தண்ணி. இப்போ எங்கியோ அந்த வழி அடைஞ்சி போச்சி. பாய்லருல ஒழுவுன கரண்டு போறதுக்கு எடம் இல்லாம எல்லா மீனு மேலயும் ஏறிகினு ஒக்காந்திருக்கு. போர்ட்டு எரிஞ்சதும் அதனால தான்."

அப்பால என் பக்கம் திரும்புச்சி. "தாயம்மாக்கா தண்ணி ஊத்துறேன்னு தானே சொல்லிச்சி?"

நேத்து வெள்ளிக்கெழம. காலைலேர்ந்து உள்ள ஒயருங்கள சரி பார்த்துட்டு, சாயங்காலம் அக்கா பின் கேட்ட தொறந்துச்சி. நா மீட்டர தூக்கிகினு பின்னாடியே போனேன். சந்துல திரும்புனோம். அக்கா சடன் பிரேக்கு போட்ட மாதிரி நின்னுச்சி. நா அது முதுவுல மோதிட்டேன்.

பைப்பு இருந்த எடத்துல கோயிலு.

நெசமாத்தான் சொல்றேன்! மார்பிள் மாதிரி டைல்ஸு ஒட்டுன மேடை. மேடைக்கு நடுவுல அதே பைப்பு, மேல மஞ்சத் துணி, வேப்பல, எலுமிச்சம்பழ மாலை. பைப்பு தலைல பட்டையான இரும்புல செஞ்ச சூலம். சொவத்துல மஞ்ச பெயிண்டுல "அருள்மிகு உப்பம்மன்". பொம்பளைங்க வரிசைல நிக்கிறாங்க, ஒவ்வொருத்தங்க கைலயும் கல்லுப்பு பாக்கெட்டு, தண்ணி கொடம். எல்லாரும் செருப்ப ஓரமா உட்டுருக்காங்க. பைப்பு வாயில உப்ப கொட்டி, தலைய குனிஞ்சி வாய்க்குள்ள முணுமுணுத்துகினே தண்ணிய ஊத்துறாங்க. மெதுவா. சிந்தாம!

அக்கா எப்டி ஊத்துமோ அச்சு அசலா அப்டியே ஊத்துறாங்க!

வரிசைக்கு முன்னாடி நின்னுக்கினு "தள்ளாத, தள்ளாத, எல்லாருக்கும் அம்மா தருவா"ன்னு ஒழுங்குபடுத்திக்கினு இருந்தது யாரு? எங்க தாயம்மாக்கா!

"வந்துட்டியா பாப்பா! நீயே வருவன்னு எனக்குத் தெரியும். எம்மா, வழி உடுங்கம்மா, மொத மொத அம்மாவ கண்டுபுடிச்ச பொண்ணு இது தான்!"

எல்லா பொம்பளைங்களும் திரும்பி அக்காவ கையெடுத்துக் கும்புட்டாங்க. புத்தர் படத்துக்கே பூ போடாத அக்காவ! அக்கா மூஞ்சில ரத்தமே இல்ல.

"எக்கா... இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"நா இன்னா பண்ணேன்? நீ தானே சொன்ன, ஊத்தலன்னா கேடு வந்துடும்னு. நீ செருப்பு உட்டுட்டு மந்திரம் சொல்லி ஊத்துனத நா எத்தினி நாளு பார்த்தேன். சும்மாவா செய்வ படிச்ச பொண்ணு? நானும் ஊத்துனேன். எம்புள்ள துரைக்கு ஒரு நல்ல வேல குடு தாயேன்னு கேட்டேன். அடுத்த வாரமே வெல்டிங் பட்டறைல சேர்ந்துட்டான்! அப்பால இந்த பூமாரி கேட்டா, அவ பொண்ணுக்கு ஜொரம் எறங்கிச்சி. உடுவாங்களா?"

பூ விக்கிற பூமாரி முன்னாடி வந்து, "ஆமா, எறங்கிச்சி"ன்னு கைய இடுப்புல வெச்சா.

அக்கா கண்ணு சூலத்துலயே நின்னுச்சி. அப்பால சொவத்த பார்த்துச்சி. ஆபீஸ் உள்ளேர்ந்து சொவரு மேல ஏறி வர்ற பட்டை கம்பி, பாதில துண்டா நிக்குது. "அந்தக் கம்பி எங்க?"

"அதுவா? டைல்ஸு ஒட்ட எடஞ்சலா இருந்துது. துரை தான் வெட்டி, அதுலயே அம்மாவுக்கு சூலம் பண்ணிட்டான். மொத சம்பளத்துல நேத்திக்கடன். ஷோக்கா கீதுல்ல?"

ஆஸ்பத்திரில ஒவைஸு கண்ணு சொருவுனது என் முன்னாடி வந்துது. அவன் உயிர காப்பாத்த வேண்டிய கம்பி, அங்க சூலமா நிக்குது! எனக்கு அழுவுறதா, சிரிக்கிறதா, கத்துறதான்னு தெரியல.

சத்தம் கேட்டு டோரதி மேடமும் பின் கேட்டுக்கு வந்துட்டாங்க. "யேசுவே!"ன்னு நெஞ்சுல சிலுவ போட்டாங்க. "இன்னா மித்ரா இது? கம்பிய யாரு வெட்டுனது?"

ஒரே ஒரு விரல நீட்டியிருந்தா போதும். அக்கா வேல தப்பிச்சிருக்கும், தாயம்மாக்கா வேலையும் துரை வேலையும் போயிருக்கும். பாய்லரும் தாயம்மாக்காவோடது தான். தாயம்மாக்கா அப்போ தான் ஏதோ தப்பாயிடுச்சின்னு புரிஞ்சிக்கினு முந்தானைய வாயில வெச்சிக்கினு நிக்குது.

அக்கா முன்னாடி வந்துச்சி. "நா தான் மேடம் காரணம்."

"நீ எண்ணூர்ல இருந்த."

"கம்பிய வெட்டுனது நா இல்ல. ஆனா இது இன்னா குழி, எதுக்குத் தண்ணின்னு நா யாருக்கும் சொல்லல மேடம். கேட்டா வள்ளுன்னு உழுவேன். ஊத்து, இல்லன்னா கேடு வரும்னு மட்டும் சொன்னா, மன்ஷங்க வேற இன்னா நெனப்பாங்க? ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா ஒவைஸு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டான். எதனாலன்னு கேட்டீங்க இல்ல? இதனால தான்."

சாவிய எடுத்து நீட்டிச்சி. மேடம் வாங்கவும் இல்ல, வேணான்னும் சொல்லல. "மொதல்ல அந்த எர்த்த சரி பண்ணு. அப்பால பேசலாம்"னாங்க.

சரி பண்றதா? அது அவ்ளோ ஈசியா? அக்கா மேடைல ஒரு கால வெச்சது தான், பூமாரி குறுக்க பாய்ஞ்சா. "ஏய், அம்மா மேல கைய வெச்ச, கண்ணு அவிஞ்சி போயிடும்!"

"பூமாரி, இது அம்மா இல்லம்மா. எர்த்து குழி. நானே ஆளு வெச்சி தோண்டுனது. கரி போட்டு, உப்பு போட்டு பொதைச்சது."

"அப்போ எம்பொண்ணு ஜொரம் எறங்குனது?"

"மாத்திர குடுத்தியா, இல்லியா?"

"அதுவும் குடுத்தேன்..."

"அப்பறம்?"

"மாத்திரைய யாரு குடுக்க சொன்னது? அம்மா!"

சிரிப்பு கெளம்பிடுச்சி. அக்கா பல்ல கடிச்சிக்கினு, "சரி, கண்ணால பார்த்தா நம்புவீங்க இல்ல?"ன்னு உள்ள போச்சி. ஹோல்டர்ல மாட்டுன ஒரு குண்டு பல்பும் நீள ஒயரும் எடுத்துக்கினு வந்துது. எல்லாரையும் நல்லா தள்ளி நிக்க வெச்சிது. கைக்கு ரப்பர் க்ளவுஸு. "இதோ பாருங்க. பல்போட ஒரு ஒயரு ஆபீஸ் கரண்டுல. இன்னொரு ஒயர இந்தப் பைப்புல மாட்டப் போறேன். இது வெறும் மண்ணுக்குப் போற பைப்பு. கரண்டு இது வழியா மண்ணுக்குள்ள எறங்குச்சின்னா பல்பு எரியும். சாமியும் இல்ல பூதமும் இல்ல. புரியுதா?"

மாட்டுச்சி.

ஐயோ, அந்த வெளிச்சம்! எங்க ஆபீஸ் ஹோல்டர்ல கூட அந்தப் பல்பு அப்டி எரிஞ்சி நா பார்த்தது இல்ல. அந்தி நேரம், இருட்டு சந்து, டைல்ஸெல்லாம் பளபளன்னு ஆயி, மஞ்சத் துணி தங்கம் மாதிரி மின்னுது. அப்பால பூமாரி நாக்க சொழட்டி ஒரு குலவ போட்டா பாருங்க! சந்தே அதிருது! அவ பின்னாடி எல்லா பொம்பளைங்களும் குலவ! "அம்மா ஜோதி! உப்பம்மா ஜோதி காட்டிட்டா!" ஒரு அம்மா அப்டியே ரோட்டுல உழுந்து கும்புடுறாங்க. சாமி இல்லன்னு காட்ட வந்த அக்கா, கைல பல்ப புடிச்சிக்கினு நட்ட நடுவுல நிக்குது. அது மூஞ்சிய படம் வரைஞ்சி வெச்சிருக்கணும்!

ஆனா அக்கா பார்த்தது வேற. பல்பையே உத்துப் பார்த்துகினு இருந்துது. அப்பால கடகடன்னு மீட்டர புடுங்கி பைப்புல வெச்சி பார்த்துச்சி. திரும்பி என்னைப் பார்த்துச்சி. கண்ணுல தண்ணி.

"டேய் சாவியோ, நா ஒரு பக்கெட்டு ஊத்துன குழிடா இது. இவங்க தெனம் கொடம் கொடமா ஊத்தியிருக்காங்க, மூட்ட மூட்டையா உப்பு போட்டிருக்காங்க. வட சென்னைலயே இப்டி ஒரு எர்த்து எவன் கிட்டயும் இருக்காது. குழி செம்மையா கீது. கம்பி மட்டும் தான் இல்ல!"

இடிக்கவே தேவையில்ல! பைப்ப சுத்தி ஒரு கிளாம்பு, அதுலேர்ந்து புதுப் பட்ட கம்பி, சொவரு மேல ஏறி உள்ள போயிடும். அக்கா கம்பிய எடுத்துக்கினு வந்ததும் பூமாரி திரும்ப முறைச்சா. "இன்னாது, அம்மா காலுக்கு வெலங்கு போட்றியா?"

பதில் அக்கா சொல்லல. தாயம்மாக்கா சொல்லிச்சி. கண்ண தொடைச்சிக்கினு, "வெலங்கு இல்லடி, கொலுசு. நவுரு"ன்னுச்சி.

பூமாரி நவுந்தா.

துரைய பட்டறைலேர்ந்து இட்டுகினு வந்தாங்க. அவனுக்கு ஒவைஸு விஷயம் தெரிஞ்சதும் மூஞ்சி சாம்பலாப் போச்சி. கீழ ஒக்காந்து, அக்கா சொன்ன எடத்துல போல்ட்ட முறுக்குனான். சூலத்த கழட்டிடவான்னு கேட்டான். அக்கா அத பார்த்துட்டு, "அது இருக்கட்டும் உடு, எடஞ்சல் இல்ல"ன்னுச்சி. அப்பால அக்கா உள்ள போயி, கரண்டு ஒழுவுனா பட்டுன்னு தானா கட் பண்ற ட்ரிப்பர மெயின் போர்டுல மாட்டிச்சி. வருஷக்கணக்கா கேட்டுகினு இருந்தது தான், இப்போ தான் மேடம் வாங்கிக் குடுத்தாங்க. ஓட்ட பாய்லரு நேரா காயலான் கடைக்கு.

எல்லா மீனையும் ஒவ்வொண்ணா எழுப்புனாங்க. நெத்திலி, வஞ்சிரம், திமிங்கிலம். மீட்டர் முள்ளு அசையவே இல்ல. சுறாகிட்ட வந்தப்போ ஒரு கொரலு: "நவுருங்க, நா தொட்டு பார்க்குறேன்." ஒவைஸு! ரெஸ்டு எடுக்க சொன்னவன் கதைய கேட்டு ஓடியாந்துட்டான். அக்கா மீட்டர்ல ரெண்டு தடவ பார்த்துட்டு தான் உட்டுச்சி. ஒரு கை சுறா மேல. இன்னொரு கை ஜன்னல் கம்பி மேல. நாங்க எல்லாரும் பல்ல கடிச்சிக்கினு நிக்கிறோம்.

"மாமு... ஜில்லுன்னு கீது மாமு!"

தாயம்மாக்கா ஒடனே அவன் தலைய புடிச்சி நெஞ்சோட அமுக்கிக்கினு ஓன்னு அழுதுச்சி. "உன்ன நானே கொன்னிருப்பேனே ராசா"ன்னு. அவன், "எக்கா, இப்போ மூச்சு முட்டி சாவப் போறேன் உடு"ன்றான். நா பாத்ரூம் போயி மூஞ்சி கழுவிகினு வந்தேன். சொல்றதுக்கு இன்னா வெக்கம், அழுதுட்டேன்.

இன்னிக்கு சனிக்கெழம. காலைல அந்த வெளிக் கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு டை கட்டிகினு வந்தாங்க. மேடம் அவங்களுக்கு டீ குடுத்தாங்க, வழியனுப்பி வெச்சாங்க. அப்பால அக்கா டேபிள் மேல வெச்ச சாவிய அக்கா பக்கமே தள்ளி உட்டுட்டு, "ஆனா ஒரு கண்டிஷன், மித்ரா. இனிமே யாரு எது கேட்டாலும் நீ வெளக்கிச் சொல்லணும். வள்ளுன்னு உழுவக்கூடாது"ன்னாங்க. அக்கா, "ட்ரை பண்றேன் மேடம்"னுச்சி. அதுக்கே மூஞ்சில கஷ்டம் தெரிஞ்சிது.

ஆனா செஞ்சிது. மத்தியானம் சந்துக்குப் போயி, செருப்போடயே நின்னு, வந்த பொம்பளைங்களுக்கெல்லாம் பொறுமையா சொல்லிச்சி, எர்த்துன்னா இன்னா, கம்பிய ஏன் தொடக்கூடாது, வெட்டக்கூடாதுன்னு. யாரும் சாமி கும்புடுறத நிறுத்தல. கம்பில மஞ்சத் துணி சுத்திட்டாங்க. அக்கா தலைல அடிச்சிக்கினு உள்ள வந்துடுச்சி.

நா கெளம்புறப்போ பேன்ட்ரி ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். புதுசா ஒரு அம்மா உப்போட வந்து, இது இன்னா அம்மன், இன்னா செய்யும்னு தாயம்மாக்காவ கேட்டுது. தாயம்மாக்கா கம்பிய விரலால காட்டி, தொடாம காட்டி, சொல்லுது:

"உள்ள எங்க புள்ளைங்க வேல செய்யுது. கரண்டு வழி தப்பி அதுங்க மேல பாயப் பார்க்கும். இந்தக் கம்பி வழியா இவ அத இஸ்து மண்ணுக்குள்ள போட்டுக்குவா. அதுக்கு இவளுக்கு ஈரம் வேணும், உப்பு வேணும். ஊத்து. ஆனா கம்பி மேல மட்டும் கைய வெச்ச, உன் கைய நா ஒடைப்பேன்."